காவடிப் புழு

குப்பிழான் கோவாத் தோட்டத்திலிருந்து
தெய்வேந்திரம் கொண்டுவந்த யாம் போத்தலில்
பத்துப் புழுக்கள்.
மூடியில் ஆணியால் துளை போட்டு
வழிக்கு இலையும் வைத்திருந்தார்.
"மருந்துக்குச் சாகுதில்லை, பிள்ளை.
இந்த ஒண்டைப் பாருங்கோ,
மற்றதுகளைவிடப் பெருசு,
மற்றதுகளைவிடக் கூடத் தின்னுது."

நடுவில் கால் இல்லை.
முதுகை வளைத்துத் தூக்கி
முன்னே வைத்து
மறுபடி வளைத்து நடப்பதால்
காவடிப் புழு.
பெயர் வைத்தவர்
தோட்டத்துக்கு வருமுன்
கோயிலுக்குப் போய் வந்திருக்க வேண்டும்.

பெரியதைத் தனியே எடுத்து
ஏழாம் இலக்கக் கிண்ணத்தில் விட்டேன்.
திங்கள்: தின்றது.
செவ்வாய்: தின்றது.
புதன் மின்சாரம் இல்லை, பதிவும் இல்லை.
வியாழன், இலையை மடித்து
நூல் கட்டி
உறங்கப் போகிற எல்லா ஆயத்தமும் செய்தது.
அதற்குப் பிறகு அசையவில்லை.
தோல் இறுகி மஞ்சளித்து
உள்ளே
அவித்த சவ்வரிசி அடைந்தது போல
மணிமணியாய்த் தெரிந்தது.

நடந்தது இதுதான்.
அது புழுவாவதற்கும் முன்பு,
இலையின் அடியில் வெறும் முட்டையாய் இருந்தபோதே
காற்புள்ளியிலும் சிறிய குளவி ஒன்று
முட்டைக்குள் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
ஒரே ஒரு முட்டை.
அது இரண்டாய் உடைந்து, நாலாய் உடைந்து,
ஆயிரத்துச் சொச்சமாய் உடைந்து
காத்திருந்தது.
தின்றது புழு.
பசி யாருடையதென்று
புழுவுக்குத் தெரியாது.

பின்னேரம் கோயில் ஒலிபெருக்கியில்
பிரசங்கியார் சொல்கிறார்:
குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித்
தன்னைப்போல ஆக்குமாம்,
குருவும் அப்படியாம்.
பாதி சரி, ஐயா.
புழு படுத்த இடத்திலிருந்து
குளவிதான் எழும்பும்.
இடையில் ஒருவரும்
உடைத்துப் பார்க்கவில்லை.

நான் உடைத்துப் பார்த்தேன், வேறொரு கிண்ணத்தில்.
அந்த ஆயிரத்தில் கொஞ்சம்
குளவியாவதே இல்லை.
எல்லோருக்கும் முன் பிறந்து,
பாம்பாய் நீண்டு, வாயில் அரிவாளோடு
புழுவின் குருதிக்குள் சுற்றித் திரியும்.
வேறு குளவியின் பிள்ளை உள்ளே வந்தால்
குத்திக் கொல்லும்.
மற்றதுகள் தின்று முடித்துச் சிறகு கட்டும்போது
இவை காய்ந்து
சுவரோடு ஒட்டிக் கிடக்கும்.

புத்தகத்தில் இவற்றுக்கு ஒரு பெயர் உண்டு.
பதிவேட்டில் அதைத் தமிழில் எழுத வேண்டிய இடத்தில்
பேனையை வைத்துவிட்டுத்
தேத்தண்ணி போட எழும்பினேன்.

"படைவீரர் எண்டு எழுதுங்கோவன் அக்கா,
சும்மா மொழிபெயர்ப்புத்தானே"
என்றாள் அனோஜிதா.
இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவள்.
அவளில் பிழையில்லை.
இந்த ஊரில் எதைத் தொட்டாலும்
அது வேறொன்றைப் போல இருந்துவிடுகிறது.
பனை தலையில்லாமல் நின்றால்
பனைக்கு நோய் என்று மட்டும் சொல்ல
எனக்கு இருபது வருடம் பிடித்தது.
எங்கள் வீட்டு மூத்தவனுக்கு
இன்னமும் பத்தொன்பது வயது.
புழு, புழுதான்.
குளவி, குளவிதான்.
சீனி போடாமல் குடித்து முடித்தேன்.

ஞாயிறு காலை
கிண்ணம் கறுத்துக் கிடந்தது.
தோலெல்லாம் ஊசித் துளைகள்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு,
இரண்டு தரம் எண்ணினேன்.
அத்தனையும் பெண், அத்தனையும் ஒன்று.
அடுத்த நிரலில்
இறகில்லாதவற்றின் பெயர் கேட்டிருந்தது.
மூத்தவை, என்று எழுதினேன்.
எண்ணிக்கை: தெரியாது.

பிறகு குப்பிழானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
"மருந்து அடிக்காதேங்கோ.
மேற்குப் பக்கம் நாலு வரியை அப்பிடியே விடுங்கோ.
குளவியைக் கொண்டுவந்து விடுறன்."
"அப்ப புழு தின்னாதோ?"
"தின்னும்.
கடைசி மட்டும் நல்லாத் தின்னும்."
அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கும் இயந்திரம்
கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
"நாலு வரி எண்டால்," என்றார்,
"இருநூறு கோவா, பிள்ளை."